மௌனத்துக்கு என்ன பொருள்? – டிஜிட்டல் குரல் வானொலி பற்றி ஒரு பாடம்

நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பேரனை அழைத்துக்கொண்டு போவது வழக்கம். ஒரு நாள் என் சட்டைப்பையில் இருந்த கையடக்க வானொலிக் கருவியைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். "தாத்தா, இது போலீஸ் வாக்கி-டாக்கியா?" என்றான் ஒரு பையன். இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன். "எல்லார் கையிலயும் போன் இருக்கே, இது எதுக்கு?" என்றாள் ஒரு சிறுமி. இதற்கு உடனே பதில் வரவில்லை. பக்கத்தில் நின்றிருந்த மலர் ஆசிரியர், "அந்தப் பதிலைத்தான் எழுதிக் கொடுங்களேன்" என்று சொல்லி என்னை மாட்டிவிட்டார்.

நான் எழுத்தாளன் அல்லன். திருச்சியில் பாலிடெக்னிக்கில் டிப்ளமா படித்துவிட்டு 1981-இல் மத்திய ரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் சேர்ந்தேன். 2019-இல் ஓய்வு பெற்றேன். கட்கியிலேயே வீடு. 2011-இல் அமெச்சூர் வானொலி உரிமம் வாங்கினேன். ஆகவே எனக்குத் தெரிந்த ரயில்வே மொழியிலேயே இந்தப் பாடத்தைச் சொல்லுகிறேன். பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

கட்கியும் வானொலியும்

கட்கி என்றால் நம்மவர்களுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையும், ராணுவக் குடியிருப்பும், 1817-இல் நடந்த போரும் நினைவுக்கு வரும். வானொலி வரலாற்றிலும் நம் ஊருக்கு ஓர் இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

1927-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் தேதி இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே கம்பியில்லாத் தந்திச் சேவையை வைஸ்ராய் இர்வின் பிரபு தொடங்கி வைத்தார். சிற்றலைகளை விளக்கின் ஒளிக்கற்றைபோல் ஒரே திசையில் குவித்து அனுப்பும் முறை அது. இந்தியப் பக்கத்தில் அனுப்பும் நிலையம் நம் கட்கியில் இருந்தது. வாங்கும் நிலையம் தவுண்டில் இருந்தது. இங்கிலாந்திலும் அப்படித்தான்: கிரிம்ஸ்பி அருகே அனுப்பினார்கள், ஸ்கெக்னஸ் அருகே வாங்கினார்கள்.

அனுப்புவதையும் வாங்குவதையும் ஏன் பிரித்து வைத்தார்கள்? கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு எதிர்ப் பந்தியில் இருப்பவர் பேசுவது கேட்குமா? அதுதான் காரணம். கட்கியின் பெரிய ஒலிபரப்பிக்கு அருகில் உட்கார்ந்துகொண்டு ஆயிரக்கணக்கான மைல் கடந்து வரும் மெல்லிய ஓசையைக் கேட்க முடியாது. ஆகவே கேட்கும் காதைச் சற்றுத் தள்ளி, ரயிலில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் வைத்தார்கள். தவுண்ட் ஜங்ஷனில் வேலை பார்த்த நாட்களில் இந்தச் செய்தி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஊரின் வெயிலைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்திருப்பேன்.

அன்று போனது மோர்ஸ் எழுத்து, குரல் அல்ல. இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் வானொலி வழியே தொலைபேசிக் குரல் போனது 1933-இல்தான்.

இவையெல்லாம் அரசும் கம்பெனிகளும் செய்தவை. சம்பளம் வாங்காமல் ஆசைக்காக வானொலி செய்தவர்களும் இருந்தார்கள். சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் 1924-இல் மெட்ராஸ் பிரெசிடென்சி ரேடியோ கிளப் ஏற்பட்டு, அவ்வாண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பியது. பணத்தட்டுப்பாட்டால் 1927-இல் நின்றுபோயிற்று. அவர்களுடைய கருவி சென்னை மாநகராட்சிக்குப் போய், 1930-இல் மாநகராட்சி வானொலி பேசத் தொடங்கிற்று. 1938 ஜூன் 16-இல்தான் அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது. ஆசைக்காரர்கள் முதலில் வந்தார்கள், அரசு பின்னால் வந்தது என்று நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

இப்படி ஆசைக்காக, அரசின் உரிமம் பெற்று, இருவழியாகப் பேசுகிறவர்களைத்தான் அமெச்சூர் வானொலியாளர், சுருக்கமாக 'ஹாம்' என்கிறோம். வியாபாரம் பேசக் கூடாது, பாட்டு ஒலிபரப்பக் கூடாது, மறைமொழி கூடாது. ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. இந்தியாவில் பெரும்பாலும் அது வி.யூ.2 அல்லது வி.யூ.3 என்று தொடங்கும். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் உரிமம் பெற்ற ஹாம்தான்.

குரல் எப்படி எண்ணாகிறது?

பழைய முறை எளிது. நீங்கள் பேசுகிறீர்கள், உங்கள் குரலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப வானொலி அலை அசைகிறது, மறுமுனையில் அந்த அசைவு மீண்டும் குரலாகிறது. இதை அனலாக் என்கிறோம். நமது கைக்கருவிகளில் உள்ள எஃப்.எம். இந்த வகை.

டிஜிட்டலில் குரல் முதலில் எண்ணாக மாறுகிறது. டிஜிட்டல் தொலைபேசி நிலையத்தில் ஒரு விநாடிக்கு 8,000 தடவை குரலை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளால் எழுதுவார்கள். எட்டையும் எட்டாயிரத்தையும் பெருக்கினால் விநாடிக்கு 64,000 பிட். வானொலியின் குறுகிய பாதையில் இவ்வளவு சரக்கு போகாது. ஆகவே ஒரு தந்திரம் செய்கிறார்கள்.

ஊரிலிருந்து அம்மா உங்களுக்கு இட்லி அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இட்லியைப் பார்சல் செய்தால் பெட்டி பெரிது. அதற்குப் பதிலாக 'இவ்வளவு அரிசி, இவ்வளவு உளுந்து, இத்தனை மணி நேரம் புளிக்கட்டும்' என்று ஒரு சீட்டில் எழுதி அனுப்பினால் தபால் கார்டு போதும். நீங்கள் புனேயில் அரைத்து வேகவைத்துக்கொள்ளலாம். டிஜிட்டல் குரலும் அப்படித்தான். கருவிக்குள் உள்ள ஒரு சில்லு உங்கள் குரலை ஒரு விநாடிக்கு 50 துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டிலும் தொண்டை அதிர்கிறதா, அதிர்ந்தால் எந்தச் சுருதியில், ஓசையின் எந்தப் பகுதி பலமாக இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பு மட்டுமே பயணம் செய்கிறது. மறுமுனையில் உள்ள சில்லு குறிப்பைப் படித்து ஒரு குரலைச் சமைக்கிறது.

டி.எம்.ஆர். என்ற முறையில் ஒரு துண்டுக்கு 49 பிட். ஐம்பதால் பெருக்குங்கள்: விநாடிக்கு 2,450 பிட். 64,000 எங்கே, 2,450 எங்கே! வழியில் ஏற்படும் சிதைவைத் திருத்துவதற்காக மேலும் 1,150 பிட் சேர்த்து, மொத்தம் 3,600 பிட்டாக அனுப்புகிறார்கள்.

பிள்ளைகள் இதைக் கையாலேயே சோதிக்கலாம். தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு 'ஆ...' என்று நீட்டுங்கள். அதிர்வு தெரியும். இப்போது 'ஸ்...' என்று நீட்டுங்கள். அதிர்வு இராது. சில்லு முதலில் பார்ப்பது இதைத்தான். எழுத்தொலிகள் எங்கே எப்படிப் பிறக்கின்றன என்பதற்குத் தொல்காப்பியத்தில் 'பிறப்பியல்' என்று ஓர் இயலே இருக்கிறது. மூச்சுக்காற்று எழுந்து தொண்டை, நாக்கு, பல், இதழ், மூக்கு, அண்ணம் இவற்றால் எழுத்தாவதை நம் முன்னோர் கவனித்துப் பிரித்து வைத்தார்கள். சில்லு செய்கிற வேலையும் அதற்கு ரொம்ப தூரம் இல்லை.

இதிலிருந்து ஒரு விஷயம் விளங்குகிறது. டிஜிட்டலில் நாம் கேட்பது நண்பரின் குரல் அல்ல. அவர் குரலைப் பற்றிய குறிப்பிலிருந்து சமைத்த குரல். குறிப்பு முழுதாக வந்தால் குரல் சுத்தமாக இருக்கும், இரைச்சலே இராது. குறிப்பு ஓரளவு சிதைந்தால் ரோபோ தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். அதற்கு மேல் சிதைந்தால் ஒன்றும் கேட்காது. அனலாக் அப்படி இல்லை. இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஆள் தூரமாகப் போகிறார் என்பது காதுக்கே தெரியும். அனலாக் மறைவது ரயில் புறப்பட்டுப் போவதுபோல். டிஜிட்டல் மறைவது மின்வெட்டுப்போல்.

மூன்று கேஜ்

டிஜிட்டல் குரலில் பல முறைகள் உண்டு. ஹாம்களிடையே அதிகம் பேசப்படுகிற மூன்றைச் சொல்லுகிறேன்.

முதலாவது டி-ஸ்டார். ஜப்பானின் அமெச்சூர் வானொலிச் சங்கம் உருவாக்கியது, ஹாம்களுக்காகவே பிறந்தது. விநாடிக்கு 4,800 பிட். அதில் 3,600 குரலுக்கு, 1,200 எழுத்துச் செய்தி போன்ற தரவுக்கு.

இரண்டாவது டி.எம்.ஆர். இது ஐரோப்பாவில் 2005-இல் தொழிற்சாலைகள், காவலர்கள் போன்றோருக்காக வகுத்த முறை. ஹாம்கள் பிறகு எடுத்துக்கொண்டார்கள். இதன் அழகு என்னவென்றால், 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே தடத்தில் இரண்டு உரையாடல்கள் ஓடும். 30 மில்லிவிநாடி ஒருவருக்கு, அடுத்த 30 மற்றவருக்கு. ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்களை முறைவைத்து விடுவதுதான்; ஆனால் விநாடிக்கு முப்பதுக்கு மேற்பட்ட தடவை 'லைன் கிளியர்' கொடுக்கிற ஸ்டேஷன் மாஸ்டர் வேண்டும்!

மூன்றாவது சி4எஃப்எம். ஜப்பானிய யேசு கம்பெனி 2013-இல் ஹாம்களிடையே கொண்டுவந்தது. ஒரே கருவி அனலாக்கையும் டிஜிட்டலையும் தானே அடையாளம் கண்டு மாறிக்கொள்ளும் என்பதால் புதியவர்களுக்கு எளிது.

இம்மூன்றும் ஒன்றோடொன்று பேசா. இது நமக்குப் புதிதல்ல. பிராட் கேஜ் 1,676 மில்லிமீட்டர், மீட்டர் கேஜ் 1,000, நேரோ கேஜ் 762. மீரஜ் ஜங்ஷனில் ஒரு காலத்தில் மூன்று கேஜும் சந்தித்தன. ஒரு கேஜில் வந்த மூட்டையை இறக்கி மற்ற கேஜில் ஏற்றவேண்டும். ஏற்றி இறக்கும்போது கொஞ்சம் சிந்தும். வானொலியிலும் ஒரு முறையை மற்றொன்றாக மாற்றித்தரும் கணினிகள் உண்டு. அங்கேயும் குரல் கொஞ்சம் சிந்தத்தான் செய்கிறது.

சில்லின் இரகசியம் ஒரு கம்பெனியின் கையில் இருக்கக் கூடாது என்று நினைத்த ஆஸ்திரேலிய ஹாம் டேவிட் ரோவ், 'கோடெக் 2' என்ற திறந்த முறையை எழுதினார். சிற்றலையில் பேசும் 'ஃப்ரீ-டிவி' அதை வைத்துத்தான் வளர்ந்தது. படிக்கிற பிள்ளைகள் யாராவது கணினி நிரலில் ஆர்வமாக இருந்தால் அதைத் திறந்து பார்க்கலாம். பூட்டு இல்லை.

என் விருப்பம் எது?

இந்தக் கேள்விக்கு நான் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். மாலை நேரத்தில் டி.எம்.ஆர்.; காலையில் சாதாரண எஃப்.எம். ஏன் என்று விளக்கத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மாலையில் காப்பி குடித்துவிட்டு டி.எம்.ஆர். கருவியை எடுப்பேன். வீட்டில் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. சோப்புப் பெட்டி அளவுதான். என் கருவி அந்தப் பெட்டியோடு பேசும். பெட்டி இணையத்தோடு பேசும். இணையம் உலகத்தோடு பேசும். தமிழ் தெரிந்த நண்பர்கள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். குரல் தெள்ளத் தெளிவாக வருகிறது. யார் பேசுகிறார் என்பது திரையில் எழுத்தாகவும் வருகிறது. காது மந்தமாகிக்கொண்டிருக்கும் எனக்கு இது பெரிய உதவி. ஓர் எச்சரிக்கை மட்டும்: ல, ள, ழ மூன்றையும் அவசரமாகப் பேசினால் என் காதுக்கு ஒன்றுபோலத்தான் விழுகிறது. ஆகவே டிஜிட்டலில் நிதானமாக, எழுத்து எழுத்தாகப் பேசவேண்டும். தமிழ் வகுப்பு ஆசிரியை இதைக் கேட்டால் மகிழ்வார்.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். என் குரல் கோலாலம்பூர் போகிறது. அதில் வானொலியாகப் போன தூரம் எவ்வளவு? என் நாற்காலியிலிருந்து பெட்டி வரை பத்தடி. நண்பரின் பெட்டியிலிருந்து அவர் கருவி வரை இன்னும் ஒரு பத்தடி. நடுவில் உள்ளதெல்லாம் பிறர் கம்பி. இதில் தவறில்லை. ஆனால் இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் இருந்ததால் நான் ஒரு தவறு செய்தேன். அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

ஒரு ஜூலைக் காலை

எங்களில் பன்னிரண்டு பேர் தினமும் காலை 6.30 மணிக்கு வருகைப் பதிவு எடுப்போம். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில். ஒருவர் பேர் சொல்லி அழைப்பார். மற்றவர்கள் 'இருக்கிறேன்' என்று சொல்லி, உடம்பு எப்படி, மழை எப்படி என்று இரண்டு வார்த்தை பேசுவார்கள். டி.எம்.ஆர். வந்ததும் வசதியாக இருக்கிறது என்று இதையும் அதற்கு மாற்றிவிட்டோம்.

2022 ஜூலையில் ஒரு நாள். அன்று அழைப்பவன் நான். கட்கியிலேயே, என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். மனைவி காலமாகிவிட்டார்; மகன் சிங்கப்பூரில். அவரை அழைத்தேன். பதில் இல்லை. இன்னொரு தடவை அழைத்தேன். பதில் இல்லை. முதல் நாள் மழையில் பலருக்கு இணையம் போய் வந்துகொண்டிருந்தது. ஆகவே, "அவருக்கு நெட் இல்லை போலிருக்கு, அடுத்தவர் வாங்க" என்று சொல்லிவிட்டுப் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விட்டேன்.

பதினொரு மணிக்கு அவருடைய மகன் எனக்குப் போன் செய்தார். "அங்கிள், அப்பா போனை எடுக்கவே இல்லை, கொஞ்சம் பார்க்கிறீங்களா?" ஓடினேன். பக்கத்து வீட்டில் ஒரு சாவி இருந்தது. கதவைத் திறந்தால், மனிதர் குளியலறையில் கிடக்கிறார். விடியற்காலை ஐந்தரைக்கு வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறிவு. ஐந்தரை மணி நேரம் ஈரத் தரையில்.

கூடத்தில் அவருடைய கருவி எரிந்துகொண்டிருந்தது. பெட்டியும் எரிந்துகொண்டிருந்தது. இணையம் நன்றாகவே இருந்தது.

அறுவைச் சிகிச்சை முடிந்து பிழைத்துக்கொண்டார். இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது அவர் சொன்னார்: "நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுது. ரெண்டு தடவையும் கேட்டுது. 'நெட் இல்லை, அடுத்தவர் வாங்க'ன்னு சொன்னதும் கேட்டுது." கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னால்தான் சிரிக்க முடியவில்லை.

ரயில்வே கற்றுக்கொடுத்ததை மறந்தேன்

முப்பத்தெட்டு ஆண்டுகள் நான் சிக்னலில் வேலை பார்த்தவன். எங்கள் தொழிலின் முதல் பாடம் ஒன்று உண்டு. தண்டவாளத்தில் ஒரு சிறு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அது ஒரு ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும். ரிலே தூக்கி நின்றால்தான் சிக்னலுக்குப் பச்சை கிடைக்கும். ரயில் வந்து நின்றால் மின்சாரம் அதன் சக்கரங்கள் வழியே குறுக்கே போய்விடும், ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். தண்டவாளம் உடைந்தாலும் ரிலே விழும். கம்பி அறுந்தாலும் விழும். பேட்டரி தீர்ந்தாலும் விழும். அதாவது, எந்தக் கோளாறு வந்தாலும் அதற்கு விடை சிவப்பு. 'ஒன்றும் தெரியவில்லை' என்றால் 'ஆபத்து' என்றுதான் பொருள் கொள்ளவேண்டும். 'ரயில் இல்லை போலிருக்கு' என்று நாமே நினைத்துக்கொண்டு பச்சை கொடுத்தால் வேலை போகும்; அதற்கு முன் உயிர் போகும்.

இதை எத்தனையோ புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன், என் நண்பரின் மௌனத்துக்கு மட்டும் பச்சை கொடுத்துவிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பிறகு யோசித்தேன். எனக்கும் அவருக்கும் நடுவில் ஏழு கண்ணிகள் இருந்தன: என் கருவி, என் பெட்டி, என் இணையம், எங்கோ இருக்கும் கணினி, அவர் இணையம், அவர் பெட்டி, அவர் கருவி. ஏழில் ஏதாவது ஒன்று அடிக்கடி கெடும். ஆகவே பதில் வராதது எங்களுக்குப் பழகிப்போயிற்று. பழகிய மௌனத்துக்குப் பொருள் இல்லாமல் போய்விட்டது. நேரடி எஃப்.எம்.மில் மூன்றே கண்ணிகள்: என் கருவி, ஆகாயம், அவர் கருவி. அது அபூர்வமாகத்தான் கெடும். ஆகவே அங்கே மௌனம் வந்தால் காது நிமிரும். எஃப்.எம். இருந்திருந்தாலும் அவர் விழத்தான் விழுந்திருப்பார். பதில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் நான் 'நெட் இல்லை' என்று சொல்லியிருக்க முடியாது.

அதன் பிறகு எங்கள் விதி மாறியது.

ஒன்று: காலை வருகைப் பதிவு இணையம் இல்லாமல், நேரடியாக, இரண்டு மீட்டர் அலைவரிசையில் எஃப்.எம்.மில் மட்டும். மொட்டை மாடியில் ஒரு சிறு ஆன்டெனாவும் 5 வாட் கருவியும் எங்கள் வட்டாரத்துக்குப் போதும்.

இரண்டு: இரண்டு அழைப்புக்குப் பதில் இல்லை என்றால் உடனே போன். போனும் எடுக்காவிட்டால் மிக அருகில் இருப்பவர் கதவைத் தட்டவேண்டும். காரணம் யோசிப்பது தட்டிய பிறகு.

மூன்று: வராமல் இருக்கப் போகிறவர் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும்.

நான்கு: எல்லார் வீட்டுச் சாவியும் இன்னொருவர் வீட்டில் இருக்கவேண்டும்.

கடைசி விதிக்கும் வானொலிக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அதுதான் அன்று கதவைத் திறந்தது.

பெரிய ஆபத்தில்

சிறிய வட்டத்தில் நான் கற்றதை உலகம் பெரிய அளவில் கண்டிருக்கிறது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற அம்மையார் தலைமையில் ஹாம் குழு ஒன்று போர்ட் பிளேரில் இருந்தது. அந்தமானிலிருந்து வானொலி பேசுவது அபூர்வம் என்பதால், உலக ஹாம்களோடு பேசுவதற்காகவே போயிருந்தார்கள். டிசம்பர் 26 காலை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தன. தொலைபேசிகள் செயலிழந்தன. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அந்தச் சிற்றலைக் கருவிகளே தீவுகளுக்கும் தாய்நாட்டுக்கும் இடையே செய்தி சுமந்தன. இலங்கையிலும் வானொலிச் சங்கத்தின் ஹாம்கள் பேட்டரியில் ஓடும் சாதாரணக் கருவிகளோடு அம்பாந்தோட்டைக்குச் சென்று தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தார்கள்.

அங்கே உதவியது அதிநவீனக் கருவி அல்ல. நடுவில் யாரையும் நம்பியிராத கருவி. இதனால் டிஜிட்டல் மட்டம் என்று சொல்ல வரவில்லை. டிஜிட்டலையும் பெட்டி இல்லாமல், கருவிக்குக் கருவி நேராகப் பேசலாம். கேட்கவேண்டிய கேள்வி, 'டிஜிட்டலா, அனலாக்கா?' என்பது அல்ல. 'என் குரல் எந்த வழியாகப் போகிறது, நடுவில் எத்தனை கை?' என்பதே.

பிள்ளைகளுக்கு

ஹாம் ஆக ஆசையா? 12 வயது நிரம்பியிருக்க வேண்டும். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேறவேண்டும். எளிய மின்னியலும் வானொலிச் சட்டவிதிகளும் கேட்பார்கள். நான் எழுதியபோது மேல்நிலை உரிமத்துக்கு மட்டும் நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் தேவைப்பட்டது. கீழ்நிலைக்கு மோர்ஸ் இல்லை. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் விண்ணப்பிக்கும் முன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். உரிமம் கையில் வரும்வரை கருவி வாங்கி ஒலிபரப்ப வேண்டாம், அது குற்றம். கேட்டுப் பழகுங்கள். நல்ல ஹாம் ஆவதற்குப் பாதி வேலை கேட்பதுதான்.

அடுத்த வகுப்புக்குள் செய்துவர மூன்று பயிற்சிகள்:

1. தொண்டையில் விரல் வைத்து க, ச, ம, ழ, ஸ ஆகியவற்றின் ஓசையைச் சொல்லிப் பாருங்கள். எதில் அதிர்வு உண்டு, எதில் இல்லை என்று பட்டியல் எழுதுங்கள்.

2. 64,000-ஐ 2,450-ஆல் வகுத்தால் என்ன வரும்? அந்த விடை எதைக் காட்டுகிறது என்று ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்.

3. நீங்கள் ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியோடு போனில் பேசும்போது உங்கள் குரல் எத்தனை கண்ணிகளைக் கடக்கிறது என்று அப்பாவிடம் கேட்டுப் படம் வரையுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம்மில் பலர் கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ வயதான பெற்றோரை விட்டுவிட்டு இங்கே இருக்கிறோம். இங்கே வயதானவர்களை விட்டுவிட்டு நம் பிள்ளைகள் இன்னும் தூரம் போயிருக்கிறார்கள். ஹாம் உரிமம் எல்லாருக்கும் தேவையில்லை. தினமும் காலையில் அப்பாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பூப்படமும் 'காலை வணக்கமும்' வருகிறதா? சலித்துக்கொள்ளாதீர்கள். அதுதான் உங்கள் வருகைப் பதிவு. ஒரு நாள் எட்டு மணிக்குள் வராவிட்டால் என்ன செய்வது, யாருக்குப் போன் செய்வது, சாவி யார் வீட்டில் என்பதை இன்றைக்கே பேசி வைத்துக்கொள்ளுங்கள். 'நெட் இல்லை போலிருக்கு' என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் சொல்லிப் பார்த்தவன்.

அந்தச் சிறுமியின் கேள்விக்கு என் பதில் இதுதான், கண்ணம்மா: போன், நான் நினைத்தபோது ஒருவரைக் கூப்பிட. இந்தக் கருவி, பன்னிரண்டு கிழவர்கள் ஒருவரையொருவர் தினமும் எண்ணிப் பார்த்துக்கொள்ள.

கோல் ஊன்றி நடக்கும் என் நண்பர்தான் இப்போது காலைப் பதிவை அழைக்கிறார். ஒருவர் பதில் சொல்ல இரண்டு விநாடி தாமதித்தாலும் விடமாட்டார். மழை நாட்களில் எங்களுக்கு அது கொஞ்சம் தொந்தரவாகத்தான் இருக்கிறது. யாரும் குறை சொல்வதில்லை.